கஷ்டமான வேலை முதல்ல

சார், அந்தப் பரீட்சைத் தாள் கட்டை மடியிலயே வச்சுக்கங்க. மேல வச்சா ஆண்டிபட்டிக் கணவாய் வளைவுல சரிஞ்சு விழுந்துரும். வாத்தியாரா நீங்க? நெனச்சேன். தேனியில ஏறுனதுல இருந்து பாக்குறேன், ஒரு தாளை எடுக்குறதும், தலையில கை வைக்கிறதும், திரும்ப உள்ள சொருகுறதுமா இருக்கீங்களே.

ஒண்ணு கேக்கட்டுமா? உங்க கிளாஸ்ல சொன்ன உடனே பிடிச்சுக்கிற பிள்ளையும் இருக்கும், எத்தன தடவ சொன்னாலும் ஏறாத பிள்ளையும் இருக்கும். பாடம் ஒண்ணுதானே? யாரை மனசுல வச்சு நடத்துவீங்க? நடுவுல இருக்குறவனையா? சரிதான். எங்க கிளாஸ்ல நடுவுல ஆளே கெடையாது சார். அங்கதான் வந்துச்சு வெனை.

எங்க கிளாஸ்னா துப்பாக்கிக் கிளாஸ். பயந்துராதீங்க, இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல. என் இரட்டைக்குழல் துப்பாக்கி மதுரையில, நான் காவல் பாக்குற நகைக்கடையில பூட்டி இருக்கு. என் பேரு ஒச்சப்பன். பதினேழு வருஷம் பட்டாளம். ஹவில்தாரா வெளிய வந்தேன். வந்ததுல இருந்து இந்த வேலைதான். கடை வாசல்ல ஸ்டூலைப் போட்டு, துப்பாக்கியை முட்டியில சாச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பாத்திருப்பீங்க, எங்கள மாதிரி ஆளுகளை யாரும் ரெண்டாந்தடவ பாக்க மாட்டாங்க.

இன்னைக்குக் கோர்ட்டுக்கு வந்துட்டுத் திரும்புறேன். சாட்சி சொல்ல. சொல்லியாச்சு. சொன்னதை உங்ககிட்டச் சொல்லணும்னு இருக்கு. நீங்க யாரோ எவரோ, உசிலம்பட்டியில இறங்கிருவீங்க. அதனாலதான் சொல்றேன்னு வச்சுக்கங்க.

போன வருஷம் எனக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்துச்சு. இந்தத் தடவ ஆபீஸ்ல, பயிற்சிச் சான்று கொண்டாந்தாத்தான் ஆச்சுன்னுட்டாங்க. எனக்குப் பயிற்சியாம் சார்! பனியில வெரலு வெறச்சுப்போன எடத்துல கண்ணைக் கட்டிக்கிட்டுத் துப்பாக்கியைக் கழட்டி மாட்டுன ஆளு நான். சரி, சட்டம்னா சட்டம். மதுரைக்கு வெளிய ஒரு ரைபிள் கிளப்பு, ரெண்டு நாள் கிளாஸ். போனேன். போயிப் பாத்தா, நடத்துறவன் யாருங்கறீங்க? ஞானசிகாமணி.

பட்டாளத்துல எனக்குக் கீழ நாயக்கா இருந்தவன் சார். நான் ஹவில்தார், அவன் நாயக். "சாப், சாப்"னு பின்னாடியே வருவான். இப்ப தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்துல விசில். என்னையப் பாத்ததும் ஓடி வந்து கையப் பிடிச்சான், அதெல்லாம் சொல்லணும்ல. ஆனா அடுத்த நிமிஷமே, "சாப், அந்தப் பாரத்தை நிரப்பிட்டு வரிசையில உக்காருங்க"ன்னான். வரிசையில. நான்.

மொத்தம் பதினோரு பேரு. எங்கள மாதிரிப் பட்டாளத்துலயும் போலீஸ்லயும் இருந்து வந்தவங்க ஆறு பேரு. அப்புறம் ஜெயவேல்னு ஒரு மில் முதலாளி. அவருக்கு வீட்டுல மூணு துப்பாக்கி இருக்கு, சனிக்கிழமையானா அங்க வந்து சுட்டுட்டுப் போறவரு. மிச்சம் நாலு பேரு, துப்பாக்கியைச் சினிமாவுல மட்டும் பாத்தவங்க. ஒரு டாக்டரு, அண்ணன் தம்பியா ரெண்டு நகைக்கடைக்காரங்க, அப்புறம் தமயந்தி.

தமயந்தியம்மாவுக்கு நாப்பத்திரண்டு வயசு இருக்கும். போடிக்கு மேல மலையில ஏலத்தோட்டம். வீட்டுக்காரர் செத்து ரெண்டு வருஷம். தோட்டத்து வீட்டுல தனியா இருக்குது அந்தம்மா. ஏலக்காய் பழுக்குற சமயத்துல ராவோட ராவா உருவிட்டுப் போற கும்பல் ஒண்ணு ரெண்டு தடவ வந்து கதவைத் தட்டியிருக்கு. கைப்பையில வைக்கிற மாதிரி சின்னக் கைத்துப்பாக்கி வேணும்னு மனுப் போட்டு, ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சு, கடைசியா சான்று கொண்டாந்தா லைசென்ஸ்னு சொல்லியிருக்காங்க. அதுக்காக வந்துச்சு. ஊக்குப் போட்டு இறுக்கிக் குத்துன நூல் சேலை, ஒரு தூக்குவாளியில தயிர்ச்சோறு. எல்லாருக்கும் ஒரு வணக்கம்.

மொத ஒரு மணி நேரம் ஞானசிகாமணி எல்லாருக்கும் சேத்துத்தான் நடத்துனான். அவன் "இதுதான் விசை"ங்குறான், ஜெயவேலு கொட்டாவி விடுறாரு. "குழலை ஆள் பக்கம் காட்டக்கூடாது"ங்குறான், எங்க போலீஸ்காரரு "தம்பி, டீ எப்ப?"ங்குறாரு. கொஞ்சம் வேகமாப் போனா அந்த நாலு பேரும் திருதிருன்னு முழிக்கிறாங்க. டாக்டரு கையத் தூக்கி, மொதல்ல சொன்னதையே திரும்பக் கேக்குறாரு. எனக்கே பாவமா இருந்துச்சு, யாரைப் பாத்துன்னு தெரியல.

அப்புறம்தான் அவன் அந்தக் காரியத்தைப் பண்ணுனான். என்கிட்ட வந்து குனிஞ்சு, "சாப், நீங்க நிதானமான ஆளு. அந்த நாலு பேரையும் தகரக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போயி அடிப்படையைச் சொல்லிக்குடுங்க. நான் இவங்கள முடிச்சிட்டு வந்துருறேன்"ங்குறான்.

நிதானமான ஆளாம். அங்க ஜெயவேலு, நேத்து வரைக்கும் லத்தி பிடிச்சவன் எல்லாம் குறி பாத்துச் சுடப் போறான். ஹவில்தார் ஒச்சப்பன் மூலையில உக்காந்து அரிச்சுவடி நடத்தணும். ஓரங்கட்டுறான் சார். கூட்டத்துல நான் அவனை விட நல்லாச் சுட்டுட்டா அவன் விசில் எடுபடாதுல்ல? இதை நான் இப்பவும் சொல்லுவேன். அன்னைக்கு அவன் என்னைய அங்க அனுப்பாம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காது.

நான் தப்பே பண்ணலைன்னு சொல்ல வரல. கேளுங்க.

எங்களுக்கு ஒரே ஒரு கைத்துப்பாக்கி குடுத்தாங்க. குண்டு கெடையாது. பழகுறதுக்குன்னு வெத்துக்குண்டு இருக்கும் சார், மருந்து இல்லாதது, வெடிக்காது. அது கிளப்புல ஒரு டப்பா இருந்துச்சு. அதை ஜெயவேலு கூட்டம் வேகமா மாத்தி அடைக்கிறதுக்குப் பழகணும்னு எடுத்துக்கிட்டாங்க. எங்களுக்கும் ரெண்டு வெத்துக்குண்டு கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்கணும்னா ஞானசிகாமணிக்கு முன்னாடி போயி நின்னு, "குடுப்பா"ன்னு கேக்கணும். போகல.

இப்ப ஒரு சின்ன விசயம் சொல்றேன், இது புரிஞ்சாத்தான் மிச்சம் புரியும். கைத்துப்பாக்கியில பிடிக்குள்ள ஒரு டப்பா இருக்கும், மேகசீன்னு சொல்லுவோம், குண்டெல்லாம் அதுலதான் அடுக்கியிருக்கும். மேல ஒரு இரும்பு இருக்கும், ஸ்லைடு. அதைப் பின்னால இழுத்து விட்டா, மேகசீன்ல இருந்து ஒரு குண்டு மேல ஏறிக் குழல் அறைக்குள்ள போயி உக்காந்துக்கும். சுடுறது அந்தக் குண்டுதான். துப்பாக்கியைக் காலி பண்ணணும்னா, மொதல்ல மேகசீனை உருவணும். அப்புறம் ஸ்லைடை இழுத்து, அறையில இருக்குற குண்டை வெளிய தள்ளி, இழுத்த நிலையிலயே பிடிச்சுக்கிட்டு உள்ள எட்டிப் பாக்கணும். காலியா இருந்தா விட்டுட்டு, குழலை ஆளில்லாத பக்கம் காட்டி ஒரு தடவ விசையை அமுக்கிரணும். அது பட்டாளத்துப் பழக்கம். அவ்வளவுதான். வரிசை மாறக் கூடாது. மேகசீன் மொதல்ல, ஸ்லைடு அப்புறம்.

ஏன் மாறக் கூடாதுன்னா, மேகசீன் உள்ள இருக்கையில ஸ்லைடை இழுத்தீங்கன்னா, அறையில இருக்குற குண்டு வெளிய விழும், நெசம்தான். ஆனா விட்ட உடனே அடுத்த குண்டு தானா ஏறிக்கும். அதுக்கப்புறம் நீங்க மேகசீனை உருவி மேசையில வச்சாலும் உள்ள ஒண்ணு இருக்கும். குண்டு விழுந்ததைக் கண்ணால பாத்தாச்சு, டப்பாவும் கையில இருக்கு, காலின்னுதான் நெனைப்பீங்க.

இது எனக்குத் தெரியும் சார். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

டாக்டரு ரெண்டு தடவையில பிடிச்சுக்கிட்டாரு. நகைக்கடை அண்ணன் தம்பியும் தேறிட்டாங்க. தமயந்திக்குத்தான் வரல. கையில பலம் இல்லைன்னு இல்ல, பயம். மேகசீனை உருவுறதுக்கு ஒரு பொத்தான் இருக்கும். அதைக் கட்டைவெரலால அமுக்குனா மேகசீன் நழுவி வரும், மறு கையில ஏந்திக்கணும். அந்தம்மா அமுக்கும், ஏந்த மறந்துரும். டொக்குனு சிமிண்டுத் தரையில விழும். ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் நிக்கிறவங்க திரும்பிப் பாக்குறாங்க. ஜெயவேலு சொல்றாரு, "மேடம், திருடன் வந்தா அதைக் கால்ல போடுங்க, போதும்"னு. ஒரே சிரிப்பு. ஞானசிகாமணியும் சிரிச்சான். என்னையப் பாத்துச் சிரிச்ச மாதிரி எனக்குப் பட்டுச்சு.

அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "எனக்கு வராதுண்ணே, நான் போயிருறேன்"னுச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வீம்பு. என்கிட்டப் படிச்ச ஆளு வராதுன்னு எந்திரிச்சுப் போறதா? பட்டாளத்துல நான் பழக்கிவிட்ட பயல்ல ஒருத்தன்கூட ஃபெயில் ஆனது கெடையாது. "உக்காருங்கம்மா"ன்னேன். "உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்?"னு கேட்டேன். "அந்த மேல் இரும்பை இழுக்கணுமேன்னு நெனைக்கிறப்பவே கை நடுங்குதுண்ணே, அந்த நடுக்கத்துல இது விழுந்துருது"ன்னுச்சு. "அப்படின்னா கஷ்டமான வேலையை முதல்ல முடிச்சுருங்க. முதல்ல ஸ்லைடை இழுத்து விடுங்க. அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு நிதானமா மேகசீனை உருவுங்க"ன்னேன்.

இழுத்துப் பிடிச்சு உள்ள பாக்கவும் அந்தம்மாவுக்கு வரல, பட்டுன்னு கை நழுவிரும். அதுக்கும் நான்தான் சொன்னேன். "பரவால்லம்மா, பிடிக்க வேணாம், இழுத்தாப் போதும். உள்ள குண்டு இருந்தா அதுவா வெளிய விழுந்துரும்"னேன். இந்த வாயாலதான் சார் சொன்னேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, அடுத்த தடவையே வந்துருச்சு. ஸ்லைடை இழுத்துச்சு, மூச்சு வாங்குச்சு, மேகசீனை அழகா ஏந்துச்சு, தகரத்தைப் பாத்து விசையை அமுக்குச்சு. டிக்குன்னு ஒரு சத்தம். சின்னப்பிள்ள மாதிரி சிரிச்சுச்சு. "அண்ணே, வந்துருச்சுண்ணே!"ன்னுச்சு. பத்துத் தடவ செஞ்சுச்சு. பத்துத் தடவையும் சரியா, அதாவது தப்பாவே சரியா.

நாளைக்கு வரிசையை மாத்திச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். சத்தியமா இருந்தேன். இன்னைக்குப் பயம் தெளியட்டும், நாளைக்குத் திருத்திக்கலாம். நீங்களும் அப்படித்தானே பண்ணுவீங்க? எழுத்து மொதல்ல வரட்டும், பிழை அப்புறம் பாத்துக்கலாம்னு?

மறுநாள் காலையில நான் கொட்டகைக்குப் போறப்ப, அந்தப் பக்கம் போட்டி நடக்குது. இருபத்தஞ்சு மீட்டர், ஆளுக்கு அஞ்சு குண்டு. ஜெயவேலு சுட்டுட்டு குறி அட்டையைத் தூக்கிக் காட்டுறாரு. நாலு நடுவுல, ஒண்ணு ஓரத்துல. எல்லாரும் கை தட்டுறாங்க. என்னையப் பாத்து, "என்ன ஹவில்தார், அம்மாவுக்கு அ ஆவன்னா முடிஞ்சுதா?"ங்குறாரு. "நாலு பேரும் நேத்துச் செஞ்சதையே பழகிக்கிட்டு இருங்க, இதோ வந்துருறேன்"னு சொல்லிட்டு நேராப் போயி வரிசையில நின்னேன்.

அஞ்சு குண்டு சார். அஞ்சும் ஒரு மெதுவடை அளவுக்குள்ள. அந்த அட்டை இன்னும் எங்க வீட்டுல பீரோவுக்குள்ள இருக்கு. ஞானசிகாமணி வந்து சல்யூட் அடிச்சான். ஜெயவேலு கை குடுத்தாரு. இன்னொரு தடவ சுடுங்கன்னாரு. சுட்டேன். அப்புறம் பட்டாளத்துக் கதை, டீ, சிரிப்பு. நான் ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அப்படி ஒரு காலை வரல. கொட்டகையில இருந்து அப்பப்ப டிக்கு டிக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்தம்மா பழகுது. இழுக்குது, உருவுது, அமுக்குது. ரெண்டு மணி நேரம்.

மதியம் நாலு பேருக்கும் சுடப் பழக்குனது ஞானசிகாமணி. குண்டு அடைக்கிறது, காலி பண்றது எல்லாம் அவனே செஞ்சு குடுத்துட்டான், பாதுகாப்புக்காக. அதனால அங்கயும் தெரியாமப் போச்சு. சாயங்காலம் தேர்வு. மேசையில வெறும் துப்பாக்கி. ஒவ்வொருத்தரா வந்து காலி பண்ணிக் காட்டணும். தமயந்தி முறை வந்தப்ப அவன் குனிஞ்சு இன்னொரு ஆளோட பாரத்துல எழுதிக்கிட்டு இருந்தான். நான்தான் பக்கத்துல நின்னேன்.

ஸ்லைடை இழுத்துச்சு. மூச்சு வாங்குச்சு. மேகசீனை ஏந்துச்சு. கீழ விழல. ஜெயவேலுவே கை தட்டுனாரு. ஞானசிகாமணி தலையத் தூக்காமயே கேட்டான், "சாப், சரியா?"

அந்த எடத்துல ஒரு நிமிஷம் இருந்துச்சு சார். "இல்ல, வரிசை மாறிருச்சு, திரும்பச் செய்யுங்கம்மா"ன்னு சொல்ல ஒரு நிமிஷம். எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருக்காங்க. அந்தம்மா மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். சொன்னா யாரு சொல்லிக்குடுத்ததுன்னு கேப்பாங்க. பட்டாளத்துல "சாப்"னு என் பின்னாடியே வந்தவன் முன்னாடி, காலையில சல்யூட் வாங்குன நானு...

"சரி"ன்னேன். பதிவேட்டுல உதவிப் பயிற்சியாளர்னு போட்டு என்கிட்டக் கையெழுத்தும் வாங்குனான். சந்தோசமாப் போட்டேன். எங்க எல்லாருக்கும் அந்தம்மா கடலை மிட்டாய் வாங்கிக் குடுத்துச்சு.

இதுக்கப்புறமும் எனக்கு ஒரு வாய்ப்பு வந்துச்சு. அதைத்தான் என்னால செரிக்க முடியல. லைசென்ஸ் கெடச்சு, துப்பாக்கி வாங்குனதும் அந்தம்மா போன் பண்ணுச்சு. "அண்ணே, உங்க புண்ணியம்"னுச்சு. பொங்கலுக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய் அனுப்பி விட்டுச்சு. என் வீட்டுக்காரி பாயசத்துல போட்டா. அப்புறம் ஒருநாள் போன்ல, "தினமும் ஒரு தடவ காலித் துப்பாக்கியில பழகிப் பாக்குறேண்ணே, நீங்க சொன்னபடியே"ன்னுச்சு.

நீங்க சொன்னபடியே. சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். இத்தன மாசம் கழிச்சு, அம்மா, நான் மாத்திச் சொல்லிக்குடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது? என்ன நெனைக்கும்? ஒரு தடவ போடிப் பக்கம் போறப்ப நேர்லயே காட்டிக் குடுத்துரலாம்னு விட்டுட்டேன். "நல்லதும்மா, விடாமப் பழகுங்க"ன்னேன்.

அதுக்கு மறு மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை மதியம். அந்தம்மாவோட தம்பி சௌந்தரு அக்காவைப் பாக்கக் கீழ இருந்து வந்திருக்கான். முப்பது வயசுப் பய. அக்காவுக்கு மாசம் ஒருக்க வந்து மோட்டாரைப் பாத்து, கணக்குவழக்கைப் பாத்து, சோறு சாப்பிட்டுட்டுப் போறவன். அன்னைக்குச் சாப்பிட்டு எந்திரிச்சு, பின்னாடி கை கழுவப் போயிருக்கான். வாரம் ஒருக்கத் துப்பாக்கியைத் தொடைச்சு வைக்கணும்னு நான் சொல்லியிருந்தேன். இந்தம்மா கூடத்துல உக்காந்து பையில இருந்து எடுத்துருக்கு. அந்தக் கும்பலுக்குப் பயந்து முந்தின நாள் ராத்திரிதான் அதுல குண்டு போட்டு, ஒண்ணை அறையிலயும் ஏத்தி வச்சிருக்கு. ஸ்லைடை இழுத்துருக்கு. ஒரு குண்டு வெளிய விழுந்துருக்கு. மூச்சு வாங்கிக்கிட்டு மேகசீனை உருவி வச்சிருக்கு. ஆளில்லாத பக்கம்னு சுவத்தைக் காட்டி விசையை அமுக்கிருக்கு.

மலை வீடு சார். அந்தச் சுவரு பலகை. பலகைக்கு அந்தாண்ட அவன் கை கழுவிக்கிட்டு நின்னுருக்கான்.

ஜீப்புல ஏத்திப் போடிக்குக் கொண்டு வர்றதுக்குள்ள போயிட்டான்.

கணவாய் வந்துருச்சு பாருங்க. கம்பியைப் பிடிச்சுக்கங்க.

அந்தம்மா மேல கேஸு. கவனக்குறைவா உயிரை எடுத்ததா. போலீஸ்ல என்ன சொல்லியிருக்குன்னா, "எனக்குச் சொல்லிக்குடுத்தபடிதான் செஞ்சேன், எங்க தப்பு வந்துச்சுன்னு தெரியல"ன்னு. அவ்வளவுதான். என் பேரைக் கூடச் சொல்லல. பதிவேட்டைப் பாத்து அவங்களாத்தான் என்கிட்ட வந்தாங்க. முறையாப் பயிற்சி குடுத்திருந்தும் அலட்சியமாச் செஞ்சாங்கன்னு அரசு வக்கீல் நிரூபிக்கணும். தப்பாச் சொல்லிக்குடுத்திருந்தாங்கன்னு ஆனா அந்தம்மாவுக்குக் கேஸு லேசாயிரும். விட்டாலும் விட்டுருவாங்க. அவங்க வக்கீலு ஒரு சின்ன வயசுப் பொம்பள, அதைத்தான் நம்பியிருந்துச்சு. எல்லாம் என் வாயிலதான் இருந்துச்சு.

உண்மையைச் சொல்லிரணும்னுதான் சார் காலையில கெளம்புனேன். பஸ்ல வர்றப்ப மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். "ஐயா, நான்தான் மாத்திச் சொல்லிக்குடுத்தேன், தெரிஞ்சே பாஸ் போட்டேன்." சின்ன வாக்கியம்தான். கோர்ட்டுல கூண்டுல ஏறுனதும் எதிர்ல ஞானசிகாமணி உக்காந்திருந்தான். அவன் ஒண்ணும் பண்ணல, சும்மா பாத்தான். சொன்னா பதிவேட்டுல நான் போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்து. என் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனா கடை வாசல்ல எனக்கென்ன வேலை? பொண்ணு காலேஜுல ரெண்டாம் வருஷம். இதெல்லாம் யோசிச்சேன்னு உங்ககிட்டச் சொல்றேன். நெசத்துல அந்த நேரத்துல யோசிச்சது அது இல்ல. "ஹவில்தார் ஒச்சப்பன், பதினேழு வருட ராணுவ அனுபவம்"னு அரசு வக்கீலு வாசிச்சாரு. ஜட்ஜம்மா நிமிந்து என்னைய மரியாதையாப் பாத்தாங்க. அதுதான் சார். அந்தப் பார்வைதான்.

"பயிற்சியில இவங்க சரியாச் செஞ்சாங்களா?"ன்னு அரசு வக்கீலு கேட்டாரு.

"சரியாச் செஞ்சாங்கய்யா."

அவங்க வக்கீலு எந்திரிச்சு, "எந்த வரிசையில சொல்லிக்குடுத்தீங்க?"ன்னுச்சு.

"மேகசீன் முதல்ல. பட்டாளத்துல அப்படித்தாம்மா."

பட்டாளத்துல அப்படித்தான். அதுல பொய் இல்லயே? இல்லைன்னு நானே சொல்லிக்கிட்டேன். அந்தம்மாவைத் திரும்பிப் பாக்கல.

முடிச்சிட்டு வெளிய வராண்டாவுல வேகமா நடந்தேன். "அண்ணே"ன்னு குரல். நிக்காமப் போயிருக்கணும். நின்னேன். ஆளு பாதியா எளைச்சுப் போயிருக்கு. காதுல ஒண்ணும் இல்ல, கழுத்துல ஒண்ணும் இல்ல. திட்டப் போகுதுன்னு நெனச்சேன். திட்டியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

"நீங்களாவது நான் சரியாச் செஞ்சேன்னு சொன்னீங்களேண்ணே. ஊர்ல எல்லாரும் புத்தி கெட்டவங்குறாங்க. நான் நல்லாத்தானே படிச்சேன்?"னுச்சு.



அப்புறம் மெதுவாக் கேட்டுச்சு. "அண்ணே, உள்ள நீங்க மேகசீன் முதல்லன்னு சொன்னீங்க. எனக்கு ஞாபகம், அந்த இரும்பை முதல்ல இழுக்கச் சொன்ன மாதிரி. கஷ்டமான வேலை முதல்லன்னு. தெனமும் உக்காந்து யோசிச்சுப் பாக்குறேண்ணே. அப்படித்தானே சொன்னீங்க?"

பக்கத்துல யாரும் இல்ல. வக்கீலு இல்ல, போலீசு இல்ல, ஞானசிகாமணி இல்ல. சத்தமில்லாம "ஆமாம்மா"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். கேஸு எக்கேடோ கெட்டுப் போகட்டும், அந்தம்மா மனசுக்காவது அது போயிச் சேந்திருக்கும். ரெண்டு பேருக்குள்ள இருந்துருக்கும்.

"இல்லம்மா, மேகசீன் முதல்லன்னுதான் சொன்னேன். நீங்க மறந்துட்டீங்க"ன்னேன்.

என்னையவே பாத்துச்சு. சந்தேகமாப் பாக்கல சார், பாடம் கேக்குற பிள்ள மாதிரிப் பாத்துச்சு. "அப்ப நான்தாண்ணே மாத்திட்டேன். நான்தான் என் தம்பியை..."ன்னு நிறுத்திருச்சு. முந்தானையில மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு, அந்த வராண்டாவுலயே வெறுங்கையைத் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி வச்சுக்கிச்சு. மேகசீனை உருவுற மாதிரி செஞ்சு, மறு கையில ஏந்துச்சு. அப்புறம் ஸ்லைடை இழுக்குற மாதிரி இழுத்து, இழுத்த கையை விடாமப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு உள்ள பாத்துச்சு. நான் என்னைக்கும் சொல்லிக்குடுக்காத அந்தப் பார்வையை அதுவாவே பாத்துச்சு.

"இப்பச் சரியாண்ணே?"ன்னுச்சு.

"சரிம்மா"ன்னேன்.